ஒரு வாரம் மேலே, ஒரு வாரம் கீழே

என்னோடு சேர்ந்து யாரும் சீரியல் பார்க்க மாட்டார்கள். இதை நான் ரொம்ப நாள் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. பம்பு கசிகிறதா, சத்தம் போடுகிறதா, சூடேறுகிறதா என்று பார்த்து, தேறாததன் தலையில் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும். அந்தக் கையோடு வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்குமா? "முதல் எபிசோட்ல இருந்த பிடிப்பு மூணாவதுல இல்லை", "அஞ்சாவதுல இழுக்கறாங்க", "ஆறாவதை வேற யாரோ எழுதியிருக்கான்" என்று ஓடிக்கொண்டே இருப்பேன். ஒருமுறை என் மச்சினன் வீட்டில் எல்லோரும் ஒரு தொடரின் கடைசிப் பகுதியைப் பார்க்க உட்கார்ந்தபோது திடீரென்று கரண்ட் போய்விட்டது. நான் செருப்பு மாட்டிக்கொண்டு வாசல் தாண்டியதும் வந்துவிட்டது. மெயின் சுவிட்சு அவன் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

என் கொள்கை எளிமையானது. முதல் பம்பும் ஆயிரமாவது பம்பும் ஒரே மாதிரி தண்ணீர் இறைக்க வேண்டும். எபிசோடும் அப்படித்தான். ஒன்று நன்றாக இருந்து அடுத்தது மோசமாக இருந்தால் அதை எடுத்தவனுக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம்.

"இத்தனை கொறை சொல்றீங்களே, நீங்களே ஒண்ணு எடுத்துத்தான் பாருங்களேன்" என்றாள் மெர்சி. மெர்சி என் மனைவி. என் வாயை அடைக்கத்தான் அப்படிச் சொன்னாள். நான் அதை வேண்டுகோளாக எடுத்துக்கொண்டேன்.

அப்படிப் பிறந்ததுதான் 'மேலூடு கீழூடு'. யூடியூபில் வாரம் ஒரு எபிசோட். மேல் வீட்டில் ஓனரம்மா, கீழ் வீட்டில் குடியிருக்கும் பெண், நடுவில் ஒரு தண்ணீர் மோட்டார். கதைக்கு நான் ரொம்ப தூரம் போகவில்லை. சரவணம்பட்டியில் நாங்கள் குடியிருப்பது கீழ் வீடு. மேலே இருப்பவர் பாவாத்தாளக்கா, வீட்டு ஓனர். ஓனரம்மாவாக அவரையே நடிக்கக் கேட்டேன். "என்னையப் பத்தி என்ர ஊட்லயே படம் எடுத்து என்னையே நடிக்கச் சொல்றயா தம்பி?" என்று கேட்டுவிட்டு, எந்தச் சேலை கட்டட்டும் என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். கீழ் வீட்டுப் பெண்ணாக மெர்சி. கேமராவுக்கு அஃபான். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் சும்மாதான் இருப்பான், ரிசப்ஷன் ஆர்டரெல்லாம் பெரிய ஸ்டுடியோக்களுக்குப் போய்விடும், அவனுக்கு ஞாயிறு காலை முகூர்த்தம்தான்.

எழுத்து, இயக்கம், மேற்பார்வை எல்லாம் நான். டைட்டிலில் 'எழுத்து, இயக்கம்: சாமுவேல்' என்று வரும். எழுத்தின் அளவு கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று அஃபானிடம் சொன்னேன். அவன் பெரிதாக்கினான். இன்னும் கொஞ்சம் என்றேன்.

ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. எனக்கு ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட், ஒரு வாரம் செகண்ட் ஷிப்ட். ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரம் மூன்று மணிக்கெல்லாம் வெளியே வந்துவிடலாம், படப்பிடிப்புக்குச் சரியாக இருக்கும். செகண்ட் ஷிப்ட் வாரத்தில் அந்த மூன்று மணிக்குத்தான் உள்ளே போக வேண்டும். அந்த வாரங்களில் காலையிலேயே வசனத்தைக் கொடுத்து, எப்படி நடிக்க வேண்டும் என்று நீளமான வாய்ஸ் மெசேஜ்களும் போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். முதல் எபிசோட் அப்படித்தான் எடுக்கப்பட்டது.

அது பிய்த்துக்கொண்டு ஓடியது. மெர்சி தலைக்குச் சீயக்காய் போட்டிருக்கும்போது பாவாத்தாளக்கா மோட்டாரை நிறுத்திவிடுவார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தடவியபடி மெர்சி மாடிப்படி ஏறுவாள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். நான் எழுதியதில் அவள் படியேறவே இல்லை, குளியலறைக்குள்ளேயே நின்று தண்ணீரின் அருமை பற்றிப் பேசுவாள். ஆனால் நல்ல காட்சி எதுவானாலும் அதை நான்தான் எழுதினேன் என்று எனக்கு ஞாபகம் வந்துவிடும். அப்படி ஒரு மூளை எனக்கு.

இரண்டாவது எபிசோடுக்கு நான் வீட்டில் இருந்தேன். நானே பக்கத்தில் நின்று எடுத்தேன். படுத்துவிட்டது. மூன்றாவது எழுந்து நின்றது. நான்காவது மறுபடியும் படுத்தது. இப்படியே ஒரு வாரம் மேலே, ஒரு வாரம் கீழே. "ஒண்ணு சிரிக்க வெக்குது, அடுத்தது தூங்க வெக்குது. இது நாடகமா, சீசாப் பலகையா?" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். யாரென்று பார்த்தேன். என் மச்சினன்.

அந்த நேரத்தில்தான் தேஜஸ்ரீ போன் செய்தார். சென்னையில் ஒரு ஓடிடி நிறுவனத்தில் புதிய தொடர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை அவருக்கு. சொந்த ஊர் பீளமேடுதான்.

"மெர்சி மேடத்தோட நடிப்பு ரொம்ப இயல்பா இருக்குங்க. ஆனா குவாலிட்டி ஒரே மாதிரி இல்லை. இனிமே வர்ற மூணு எபிசோடைப் பாக்கறேன். மூணும் ஒரே தரத்துல இருந்தா பத்து எபிசோட் நாங்களே தயாரிக்கிறதுக்குப் பேசலாம். லீட் ரோல் அவங்கதான்."

ஸ்பீக்கரில் வந்த குரலை மெர்சி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் இருந்த கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியதுகூடத் தெரியாமல் நின்றாள். சின்ன வயதிலிருந்தே எங்கள் சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவளுக்கு ஆட்டிடையன் வேஷம்தான். மரியாள் வேஷம் எப்போதும் பாஸ்டர் வீட்டுப் பெண்களுக்குப் போய்விடும். ஆட்டிடையனுக்கு வசனம் கிடையாது, நட்சத்திரத்தைப் பார்த்து வாயைப் பிளந்தால் போதும். கல்யாணத்துக்குப் பிறகு பிளே ஸ்கூல் டீச்சராகக் குழந்தைகளுக்குக் கரடி மாதிரியும் முயல் மாதிரியும் நடித்துக் காட்டுவதோடு சரி. இந்த வாய்ப்பு அவளுக்கு எவ்வளவு பெரிசு என்று அந்தக் கரண்டியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது.

"பயப்படாத மெர்சி. ஒரே தரம் வேணுமாம். நான் அதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். பிறகு குனிந்து தரையைத் துடைத்தாள்.

கம்பெனியில் கோளாறு வந்தால் காரணம் தேட ஒரு முறை உண்டு. ஆள், மெஷின், மூலப்பொருள், செய்யும் விதம் என்று ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டு வடிகட்ட வேண்டும். கடைசியில் மிஞ்சுவதுதான் காரணம். அதை வீட்டில் நடத்தினேன். எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்தேன்.

அஃபானிடம் லென்ஸ் பற்றிக் கேட்டேன். "எல்லா வாரமும் அதே லென்ஸ்தாண்ணா" என்றான். மைக்கும் அதே மைக். வெளிச்சமும் அதே சாயங்கால வெளிச்சம். பக்கத்து வீட்டு மிக்ஸி இரண்டு வாரமும் ஓடுகிறது. அடுத்து பாவாத்தாளக்காவிடம் போனேன்.

"அக்கா, ஷூட்டிங் அன்னிக்கு என்ன சாப்புடுவீங்க?"

"இதெல்லாமா தம்பி கேப்பாங்க?"

"எல்லாத்தையும் கேக்கோணுங்க."

அவர் யோசித்தார். "நீ இல்லாத வாரம் சந்தகை புழிவேன். மூணு பேரும் மாடிப்படில உக்காந்து தேங்காப்பால் ஊத்தித் தின்போம். நீ இருக்கற வாரம் ஒண்ணுமில்ல. நடிக்கறப்ப வாயி ஒட்டும், ஆரும் திங்கக்கூடாதுன்னு நீதான சட்டம் போட்ட?"

எனக்குள் விளக்கு எரிந்தது. நன்றாக வந்த எபிசோடுகள் எல்லாவற்றிலும் எங்கள் ஊர் இடியாப்பமான சந்தகை. மோசமானவற்றில் சந்தகை இல்லை. பதினான்கு வருஷ அனுபவம் என்றால் சும்மாவா?

"காரணம் கெடச்சுருச்சு. மூலப்பொருள்தான்" என்றேன்.

அஃபான் மெர்சியைப் பார்த்தான். மெர்சி கூரையைப் பார்த்தாள். பாவாத்தாளக்கா, "ஆமா தம்பி, சந்தகையேதான்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். இருமுகிறார் என்று நினைத்தேன்.

சந்தகைக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது. இருந்தாலும் இவ்வளவு பெரிய விஷயத்தில் நான் பக்கத்தில் இல்லாமல் இருப்பது சரியா? புரொடக்‌ஷன் மேனேஜர் மயில்சாமி சாரிடம் போய், மூன்று வாரமும் தொடர்ந்து ஃபர்ஸ்ட் ஷிப்ட் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் வேறொருவரைத் தாஜா பண்ணி என்னை மாற்றிவிட்டார். மெர்சியிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

"மூணு வாரமுமேங்களா?" என்றாள்.

"மூணு வாரமும்."

"செரிங்க" என்றாள்.

முதல் சனிக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்து, சந்தகை சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கினேன். சாப்பிடும்போது பேசினால் குரல் கெட்டுவிடும் என்பதால் பேசாமல் சாப்பிடச் சொன்னேன். ஏதோ இழவு வீட்டுப் பந்தி மாதிரி மூன்று பேரும் குனிந்து சாப்பிட்டார்கள். பிறகு மொட்டை மாடியில் படப்பிடிப்பு. முதல் டேக்கில் மெர்சி வைத்த டம்ளர் கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் இருந்தது, இரண்டாவதில் உள்ளே தள்ளிப் போய்விட்டது. கட் சொன்னேன். மெர்சி போன தடவை இடது புருவத்தைத் தூக்கினாள், இந்தத் தடவை இரண்டையும் தூக்கினாள். கட் சொன்னேன். பாவாத்தாளக்கா 'மோட்டாரு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'மோட்டரு' என்றார். கட். ஒவ்வொரு டேக்கும் முந்தைய டேக் மாதிரியே அச்சாக வரும்வரை விடவில்லை. கடைசியில் வந்துவிட்டது. மெர்சி, பாவாத்தாளக்கா, டம்ளர் மூன்றும் ஒரே மாதிரி நடித்தன.

எபிசோட் படுத்தது. சந்தகையில் உப்புக் கம்மி என்று முடிவு செய்தேன்.

அடுத்த வாரம் உப்பைச் சரிபார்த்தேன். நானே வாயில் போட்டுப் பார்த்தேன். அந்த எபிசோடும் படுத்தது. முந்தையது எந்த அளவுக்கு மோசமோ அதே அளவுக்கு மோசம், கொஞ்சமும் கூடவில்லை, குறையவில்லை. தேஜஸ்ரீ கேட்டாரே சீரான தரம், அதைக் கொடுத்துவிட்டேன்.

அன்று மெர்சி கமெண்டுகளைப் படித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். "இன்னும் ஒண்ணு இருக்குதுங்கல்ல" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன்.

மூன்றாவது வாரம், கம்பெனியில் ஒரு மீட்டிங். ஒரு வாடிக்கையாளருக்குப் போன பம்புகளில் ஒரு லாட் நன்றாக இருந்தது, அடுத்த லாட் கசிந்தது. மயில்சாமி சார் வாஷரைக் குறை சொன்னார். எனக்கு ஏற்கனவே கோபம், வீட்டுக் கோபத்தை அங்கே காட்டினேன்.

"வாஷரை விடுங்க சார். தரம் மாறி மாறி வந்தா மொதல்ல எதைப் பாக்கோணும்? கூடவே மாறி மாறி வர்றது எதுன்னு பாக்கோணும். இந்த லாட்ல இருந்த ஆளு அந்த லாட்ல இருந்தாரா, இல்லையா? அவ்வளவுதாங்க. சின்னப் பையனுக்குக்கூடத் தெரியுமுங்க இது."

மயில்சாமி சார் கோபப்படவில்லை. டீயை உறிஞ்சிவிட்டு, "நெசந்தானுங்க. நீங்க சொன்னாச் செரியாத்தான் இருக்கும். ஆமா, உங்க சீரியலும் அப்படித்தான மாறி மாறி வருதுன்னு என்ர ஊட்ல சொல்றாங்க. அதுல எந்த ஆளுங்க மாறுறாங்க?" என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அதுல ஆரும் மாறலீங்க சார். அதே நடிகருங்க, அதே கேமராமேன். எல்லா வாரமும் எல்லாரும் இருப்பாங்க. நான் மட்டுந்தான் செகண்ட் ஷிப்ட் வாரத்துல..."

வாய் அங்கேயே நின்றுவிட்டது. மீட்டிங்கில் இருந்த அத்தனை பேரும் நான் முடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். மயில்சாமி சார் டீக் கப்பைக் கீழே வைத்தார்.

"தண்ணி குடிங்க சாமுவேல்" என்றார்.

குடித்தேன். ஆள், மெஷின், மூலப்பொருள் என்று வீட்டையே புரட்டிப் போட்டவன், அந்த வீட்டின் நடுவே நின்று கட் கட் என்று கத்திக்கொண்டிருந்த ஆளை மட்டும் கேள்வியே கேட்கவில்லை. அவன் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அவமானத்தில் காது சுட்டது.

மீட்டிங் முடிந்ததும் மயில்சாமி சார் பின்னாலேயே ஓடி, சனிக்கிழமைக்கு மட்டும் செகண்ட் ஷிப்ட் கிடைக்குமா என்று கேட்டேன்.

"ஏனுங்க, இதென்ன டவுன் பஸ்ஸுங்களா, நெனச்ச ஸ்டாப்புல எறங்கி ஏறறதுக்கு? உங்களுக்கோசரம் மாத்துன ஆளு இன்னும் என்ர கூடப் பேச மாட்டேங்கறான்."

சனிக்கிழமை வந்தது. ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டதும் மெர்சியிடம், கம்பெனியில் அவசரமாகக் கூப்பிடுகிறார்கள், போயே ஆக வேண்டும் என்றேன்.

"வசனம்?" என்றாள்.

"எழுத நேரமில்ல. நீங்களே ஏதாச்சும் பண்ணிக்கங்க."

"வாய்ஸ் மெசேஜு?"

"அதுவும் இல்ல."

அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பி, தெருமுனையில் இருக்கும் பேக்கரிக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் மொட்டை மாடி தெரியும். ஒரு டீ சொன்னேன். பிறகு ஒரு பப்ஸ். பிறகு இன்னொரு டீ. டம்ளரைக் கவனியுங்கள் என்று ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் போடலாமா என்று போனை எடுத்தேன், பேசியும் விட்டேன், பிறகு என் குரலையே ஒருமுறை போட்டுக் கேட்டேன். இதைத்தான் இவர்கள் இத்தனை வாரம் கேட்டார்களா என்று இருந்தது. அழித்துவிட்டேன்.

மாடியில் மூன்று பேரும் ரொம்ப நேரம் ஒன்றும் செய்யவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கேமரா ஸ்டாண்டில் சும்மா நின்றது. நானாக இருந்தால் அதற்குள் நான்கு முறை நேரத்தைச் சொல்லிக் கத்தியிருப்பேன். அப்புறம் பாவாத்தாளக்கா ஏதோ சொன்னார். மெர்சி இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள். அவள் நிஜமாகச் சண்டைக்குப் போகிறாளா நடிக்கிறாளா என்று அங்கிருந்து தெரியவில்லை. அஃபான் மெதுவாகக் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றான். யாரும் ஸ்டார்ட் சொல்லவில்லை. மெர்சி தலையில் அடித்துக்கொண்டாள், செடித்தொட்டியைக் கட்டிப் பிடித்தாள், பாவாத்தாளக்கா தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்து இழுத்தார். அஃபானின் தோள் சிரிப்பில் குலுங்கியது. வசனம் ஒன்றும் காதில் விழாத எனக்கே சிரிப்பு வந்தது.

கூடவே வயிறும் எரிந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். நான் இல்லாத இடத்தில் இவ்வளவு சந்தோஷம் நடக்கிறது என்று தெரியும்போது யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பேக்கரிக்காரர், "ஏனுங்க, கண்ணுல தூசிங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

எபிசோட் வெளிவந்தது. ஓனரம்மா வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார். கீழ் வீட்டுப் பெண், "காலி பண்றேனுங்க. ஆனா என்ர கருவேப்பிலைச் செடியப் பேத்து எடுத்துட்டுத்தான் போவேன்" என்கிறாள். "செடி உன்றது செரி. மண்ணு என்றதாச்சே அம்மணி" என்கிறார் ஓனரம்மா. "வேர்ல ஒட்டுன மண்ணை உதறிக் குடுத்துட்டே போறேனுங்க. எடை போட்டு வாங்கிக்கங்க." இப்படியே போய், இருவரும் தொட்டியை இழுத்து இழுத்து மூச்சு வாங்கி, தொட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிடுகிறார்கள். "நீ போயிட்டா நான் ஆரு கூடக் கண்ணு சண்டை போடறது?" என்று பாவாத்தாளக்கா கேட்கும் இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தக் காட்சியை நான் எழுதியிருந்தால் வாடகைக்கு இருப்பவர்களின் உரிமை பற்றி மெர்சி மூன்று பக்கம் பேசியிருப்பாள். முதல் தடவையாக, இதை நான் எழுதவில்லை என்று எனக்குத் தெளிவாக ஞாபகம் இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் தேஜஸ்ரீ கூப்பிட்டார். மெர்சி போனை ஸ்பீக்கரில் போட்டு டீப்பாயின் மேல் வைத்தாள். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் பாவாத்தாளக்கா. அவர் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார், போனில் தெரியாது என்று சொல்லியும்.

"கருவேப்பிலை எபிசோட் பிரமாதங்க. எங்க ஆபீஸ்ல எல்லாரும் ரெண்டு தடவை பாத்தாங்க" என்றார் தேஜஸ்ரீ. மெர்சி இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டாள். "ஆனா அதுக்கு முந்தி வந்த ரெண்டும் சுத்தமா சரியில்லை. நான் எல்லா எபிசோடையும் மறுபடி பாத்தேன். எனக்கு ஒண்ணு தோணுது. இதை ரெண்டு பேர் டைரக்ட் பண்றாங்க. ஒருத்தர் ஆளுங்களை விட்டுட்டு வேடிக்கை பாக்கறார். இன்னொருத்தர் பாடம் நடத்தறார். அந்த முதல் ஆள் மட்டும் எடுக்கறதா இருந்தா நாங்க ரெடி. ரெண்டாவது ஆள் வேண்டாம். யாருங்க அவர்?"

பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடியது.

மெர்சி என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு பேரெல்லாம் இல்லீங்க மேடம். எல்லாமே எங்க ஊட்டுக்காரருதானுங்க எடுத்தாரு."

"எல்லாமே அவர்தானா?" தேஜஸ்ரீயின் குரல் இறங்கிவிட்டது. "அப்படின்னா கஷ்டங்க. எந்த எபிசோட் எப்படி வரும்னு தெரியாம நாங்க பணம் போட முடியாது. தப்பா நெனச்சுக்காதீங்க."

"செரிங்க மேடம்" என்றாள் மெர்சி. "பரவால்லீங்க."

பாவாத்தாளக்கா என்னைப் பார்த்த பார்வையில் மோட்டார் மட்டுமில்லை, மெயின் லைனே கட்டாகியிருக்கும். நான் ஒரு கணம் பேசாமல்தான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். கேன்டீன், பெரிய எழுத்தில் என் பெயர், மச்சினன் முகம் எல்லாம் வந்து போயின. எதிரே மெர்சி, கோத்த கைகளைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பரவால்லீங்க என்று சொன்ன அந்த வாய், ஆட்டிடையன் வாய் மாதிரி மூடிக்கொண்டது. எனக்குத் தாங்கவில்லை.

"மேடம், ஒரு நிமிசமுங்க. நான் சாமுவேல் பேசறேன். அந்த ரெண்டாவது ஆளு நாந்தானுங்க."

"சார், ஆனா டைட்டில்ல எல்லாத்துலயும் உங்க பேர்தானே வருது?"

"அது தப்புங்க. படுத்ததெல்லாம் நான் எடுத்தது. நல்லா இருந்ததெல்லாம் நான் ஊட்ல இல்லாதப்ப மெர்சி எடுத்ததுங்க. என்ர வசனத்தைத் தூக்கி அக்கட்டால வெச்சுபோட்டு அவங்களாப் பேசி அவங்களா எடுத்ததுங்க. கருவேப்பிலை எபிசோடப்ப நான் பேக்கரில பப்ஸ் தின்னுட்டு இருந்தேனுங்க."

மெர்சி நிமிர்ந்தாள்.

"இனிமே நீங்க ஷூட்டிங் பக்கம் வர மாட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது சார்?" என்று கேட்டார் தேஜஸ்ரீ. சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்கிறார் என்று தெரிந்தது.

"அதுக்கு நான் கேரண்டிங்க மேடம். பதினாலு வருசமா தரக்கட்டுப்பாட்டுல இருக்கேனுங்க. கோளாறு எங்கன்னு கண்டுபுடிக்கத்தான் எனக்கு நேரமாகும். கண்டுபுடிச்சாச்சுன்னா மறுபடி உள்ள உட மாட்டேன்."

"சார், உங்ககிட்ட இருந்து வந்ததுலயே நல்ல டயலாக் இதுதான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் மெர்சியும் பாவாத்தாளக்காவும் அஃபானும் சென்னைக்கு வந்து பார்க்கும்படி சொன்னார். யார் யார் என்று பெயர் சொல்லித் தெளிவாகச் சொன்னார்.

பாவாத்தாளக்கா, போகும்போது என்ன சேலை கட்டுவது என்ற கவலையோடு மேலே போனார். படியேறும்போது திரும்பி, "நீ நல்லவந்தான் தம்பி. தூரமா இருந்தீன்னா ரொம்ப நல்லவன்" என்றார்.

நானும் மெர்சியும் மட்டும் இருந்தோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், மறுபடி துடைத்துக்கொண்டாள்.

"நான் இல்லாட்டித்தான் நல்லா வருதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது எபிசோட்லயே தெரியுமுங்க."

"அப்பறம் ஏன் சொல்லல? மூணு வாரமும் கூடவே இருக்கேன்னப்பக்கூடச் செரின்ன. இன்னிக்கு எல்லாம் போயிருக்குமே மெர்சி. நானா வாயத் தொறக்காட்டி உட்டுருப்பயா?"

அவள் போனின் திரையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"நமக்குக் கல்யாணமாகி இத்தனை வருசத்துல நீங்க என்னைய உத்துப் பாத்தது அந்தச் சனிக்கிழமைகள்லதானுங்க. நெத்தில ஒரு மசுரு விழுந்தாக்கூட உங்களுக்குத் தெரிஞ்சுது. எந்தப் புருவம் தூக்கறேன்னு தெரிஞ்சுது."

"கொறை கண்டுபுடிக்கத்தான மெர்சி பாத்தேன்."

"கொறை கண்டுபுடிக்கவாச்சும் பாத்தீங்கல்லங்க."

பம்புக்குள் எங்கே கசிகிறது என்று வெளியே நின்று சொல்பவன் நான். இவள் பத்து வருஷமாக என் எதிரிலேயே இருந்திருக்கிறாள்.

"இனிமேச் சனிக்கிழமை வர மாட்டேன்னு சொல்லிப்போட்டீங்க" என்றாள்.

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை கேமரா இருக்காதுங்க. அன்னிக்கு வேண்ணாப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனையோ நாள் இருந்தது. நான் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பினாள், பிறகு என் பக்கமே திரும்பிக்கொண்டாள். இடது பக்கம் ஒரு நரைமுடி இருந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.